நாலாவது ஸ்க்ரூ

ஜூலை 15, செவ்வாய்

காலையிலிருந்தே மேல்காற்று. கொடியில் போட்ட சட்டை பக்கத்து வீட்டு முருங்கையில். கதவுக் கீல் மூன்றுக்கும் எண்ணெய் விட்டேன். இந்த ஊர் உப்புக்குத் தப்பின இரும்பு கிடையாது.

லீவு முடிய இன்னும் ஒரு வாரம். அடுத்த புதன் கப்பல் ஏற வேண்டும். மாதா கோவில் கொடியேற்றத்துக்கு இந்த வருடமும் இருக்க மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருப்பேன். அன்று ஜெசிந்தாவுக்குத் தேர்வுப் போட்டி. முதல் மூன்று பேருக்கு மாநிலப் போட்டி.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அவள் துப்பாக்கி பிடித்து ஆறு வருடம். பறக்கும் மண்தட்டைச் சுடுகிறாள். ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. போன வருடம் ஒரே ஒரு தட்டில் போயிற்று. நடுக்கடலில் இருந்தேன். போனில் "பரவாயில்ல" என்றாள். அந்தப் 'பரவாயில்ல' இன்னும் காதில் இருக்கிறது.

வாங்க: பல்பு 2, கீல் ஆணி, மக்ரூன் கால் கிலோ.

ஜூலை 16, புதன்

காற்று குறையவில்லை. மதியம் சாளைக் குழம்பு.

ஜெ. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் (பி.டி. டீச்சர், விசில் இன்னும் கழுத்தில்) பெட்டகத்தைத் திறந்து துப்பாக்கியை எடுத்தாள். லைசென்ஸ் அவள் பெயரில். சாவியும் அவளிடம். அவள் பக்கத்தில் இல்லாமல் நான் அதைத் தொடக்கூடாது. இந்த வீட்டில் சட்டமே எனக்குத் தடை போட்ட ஒரே பொருள்.

செமி ஆட்டோமேட்டிக். வந்து மூன்று மாதம். குறி பார்க்கிற சைட் மாட்டுவதற்கென்று தொழிற்சாலையிலேயே முதுகில் ஒரு தாங்குபட்டை, மவுண்ட், வைத்து அனுப்பியிருக்கிறான். தட்டுப் போட்டியில் சைட் கூடாது. மவுண்ட் சும்மா இருந்தாலும் தொல்லை. அதற்கு மேலாகப் பார்க்க வேண்டியிருப்பதால் கன்னம் கட்டையில் படியாமல் முகம் தூக்குகிறது, தட்டு தப்புகிறது. கிளப்புக்கு வரும் துப்பாக்கி மெக்கானிக் அடுத்த வாரம்தான் வருவார். நான் கழற்றித் தருகிறேன் என்றேன். இருபத்திரண்டு வருடம் கப்பலில் ஃபிட்டர். தலையளவு நட்டெல்லாம் கழற்றியிருக்கிறேன். இது நாலு ஸ்க்ரூ, நாலும் கொசு சைஸ்.

உள்ளே தோட்டா இல்லை என்று ஜெ. இரண்டு தடவை பார்த்தாள். விரலை விட்டும் பார்த்தாள். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னாள்.

"ஏங்க, கூட வந்த புஸ்தகத்த ஒரு தடவ வாசிச்சுருவோமா?"

"நீ வாசி. நான் கழட்டுதேன்."

மூன்று வந்தன, முனகிக்கொண்டே. நாலாவதில், பெட்டியோடு வந்த நட்சத்திரச் சாவியின் நுனி முறிந்துவிட்டது. "பொறுங்க" என்றாள். நான் பொறுக்கவில்லை. என் பெட்டியிலிருந்து ஆறுபட்டை ஆலன் கீயை எடுத்துத் தட்டி இறக்கித் திருகினேன். ஸ்க்ரூவின் தலைக்குழி மழுங்கிப் போயிற்று. இப்போது வெறும் வட்டம்.

ஜெ. கழன்ற மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டு அந்தோணி போட் எஞ்சின் மெக்கானிக். மதில் மேலாகக் கேட்டேன். "உப்புதாண்ணே. வேற என்ன? டீசல்ல ஊறப் போடுங்க." நான் நினைத்ததும் அதேதான். ஸ்க்ரூ தலையில் டீசல் விட்டேன். வீடு முழுக்க படகு வாடை.

ஜூலை 17, வியாழன்

டீசல் ஒன்றும் செய்யவில்லை. டிரில் போட்டுவிடலாம் என்றேன்.

"டிரில் வேண்டாம்."

"உப்பு இறுகிட்டா வேற வழி இல்லளா."

"மூணு மாசத்துல உப்பு எப்படிங்க பிடிக்கும்? பெட்டகத்துக்குள்ளல்லா இருந்துச்சு."

கழற்றிய மூன்றையும் அவள் ஒரு அட்டையில் குத்தி வைத்திருந்தாள், எது எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில். முன்னால் இருந்த இரண்டும் நீளம் குறைவு என்று பக்கத்தில் எழுதியும் இருந்தாள். நானாக இருந்தால் டீ கிளாசில் போட்டிருப்பேன். ஒன்றை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். திருகு மரையில் பொடிப்பொடியாக நீலம்.

"உப்புன்னா வெள்ளையாத்தான் இருக்கும். இது பசை. புஸ்தகத்துல பதினொண்ணாம் பக்கத்துல போட்டிருக்கு. சூடு வச்சா இளகுமாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அந்த நீலப் பசையைக் கப்பலில் தினம் பூசுகிறவனே நான்தான். அதிர்வில் ஸ்க்ரூ கழன்றுவிடக்கூடாது என்று. எஞ்சின் ரூமில் இருந்தால் பார்த்ததும் சொல்லியிருப்பேன். கரைக்கு வந்தால் எல்லாரையும் போல எனக்கும் எல்லாமே உப்பு.

ஜெ. கிளப் செயலாளருக்கு போன் செய்துகொண்டே மாடிக்குப் போனாள். கையில் பேப்பர், பேனா. என்னவோ கேட்டு எழுதிக்கொண்டாள். போட்டிக்குப் பெயர் கொடுக்கிற விஷயம் போல.



ஜூலை 18, வெள்ளி

எனக்கு இட்ட வேலை: மொபைல் கடையில் சால்டரிங் அயர்ன் இரவல், ஹார்பர் ரோடு டூல்ஸ் கடையில் ஒரு சைஸ் பெரிய நட்சத்திர பிட். இரண்டும் ஆயிற்று.

ஜெ. லீவு போட்டிருந்தாள். டீசலை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், மூன்று துணி மாற்றி. ஜன்னல்கள் திறப்பு. வாடை முழுக்கப் போகிறவரை சூடு கிடையாது என்றாள். முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கை அரித்தது. அவள் மக்ரூன் தின்றாள்.

பிறகு அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் மட்டும் வைத்துப் பிடித்தாள். நேரம் கணக்கிட 'அருள் நிறைந்த மரியே' பத்து. அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக. கை அசையவில்லை. சூடு பட்ட இடத்தில் லேசாக ஒரு புகை. பத்தாவது முடிந்ததும் பெரிய பிட்டை மழுங்கின குழியில் வைத்துச் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. உள்ளங்கையால் அழுத்தி, மணிக்கட்டை மட்டும் திருப்பினாள்.

டக்.

எத்தனையோ நல்ல ஃபிட்டர்களைப் பார்த்திருக்கிறேன். பொறுமையையும் பலத்தையும் ஒரே கையில் வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. என் வீட்டிலேயே ஒருத்தி இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல் போயிற்று. பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

மவுண்டை எடுத்துவிட்டு நாலு ஓட்டையிலும் குட்டி ஸ்க்ரூ போட்டு மூடினாள். அதுவும் பெட்டியில் ஒரு பொட்டலத்தில் வந்திருக்கிறது. புத்தகம் வாசித்தவளுக்குத்தான் தெரியும். துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுவரைப் பார்த்தாள்.

"இப்ப படியுது" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

முதல் பூசை முடிந்து நேரே சுடுகிற மைதானம், ரேஞ்ச். காற்று மோசம், தட்டு திசை மாறிப் பறக்கிறது. காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள்.

ஐம்பது தட்டு. ஜெ. தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்ததும் ஆள் மாறிவிடுகிறாள். முதல் சுற்றில் இரண்டு தவறியது. இரண்டாவதில் இன்னும் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்தான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை. கடைசித் தட்டைக் காற்று மேலே தூக்கிவிட்டது. அது தூளாகி விழுந்ததைப் பார்த்தேன் என்று எழுத ஆசை. கண்ணில் தண்ணீர், சரியாகத் தெரியவில்லை. கைதட்டல் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது.

46. மூன்றாவது இடம். மாநிலப் போட்டிக்குப் போகிறாள்.

டீ குடிக்கும் இடத்தில் ஒருவர் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, "மவுண்ட கீறல் இல்லாம கழட்டியிருக்கே, யாரு கை?" என்று கேட்டார்.

ஜெ. சட்டென்று, "எங்க வீட்டுக்காரருதான். கப்பல்ல ஃபிட்டர்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சிரித்தேன்.

ஜூலை 21, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பெட்டி பாதி கட்டியாயிற்று.

எடுக்க: ரப்பர் செருப்பு, ஊறுகாய், பாஸ்போர்ட், கண்ணாடி இரண்டும்.

காலையிலிருந்து வேலை ஓடவில்லை. எல்லார் முன்னாலும் அவள் எனக்குக் கொடுத்த பெயரை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பத்து மணிக்குச் செயலாளருக்கு போன் செய்தேன்.

"ஐயா, நேத்து ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. அந்த மவுண்ட கழட்டுனது நான் இல்ல. ஸ்க்ரூவ கெடுத்தவந்தான் நான். கழட்டுனது எங்க வீட்டுக்காரி."

"தெரியும் அண்ணாச்சி. வியாழக்கிழமையே எனக்கு போட்டோ அனுப்பி, இப்படிச் செய்யலாமான்னு கேட்டுக்கிட்டுல்லா செஞ்சாவ. நீங்களா எப்பம் சொல்லுவியன்னு பாத்தேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அடுப்படியில் ஜெ. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் சிரிப்பில் குலுங்கின.