பெருநாடிக்குப் பின்னால் ஓடிய குழாய்

தாம்பரம், 1974. செவ்வாய் இரவு.

ஆபரேஷன் அறை வாசலில் இருந்தவர்கள் நான், கொழுந்தன் சாமுவேல், பெரிய டாக்டர், ஒரு நர்ஸ். நாலே பேர்.

"அம்மா, இடது சிறுநீரகத்து ரத்தக்குழாய் எல்லாருக்கும் பெருநாடிக்கு முன்னால போகும். உங்க வீட்டுக்காரருக்குப் பின்னால போகுது. கல்லை எடுக்கப் போனப்போ கிழிஞ்சிருச்சு," என்றார் டாக்டர். அவர் அங்கியில் மார்புவரை ரத்தம்.

"வெட்டத் தெரியாம வெட்டிட்டு எங்கண்ணன் ஒடம்பு மேல பழி போடறியா?" சாமுவேல் அவரைச் சுவரில் மோதி, வலது கையைப் பிடித்து முறுக்கினான். விரல்கள் நெரியும் சத்தம் கேட்டது. ஒரு நொடி என் மனம் குளிர்ந்தது.

"பாவி! ரத்தம் நிக்க உள்ள துணி அடைச்சிருக்கு. காலைல அதை எடுத்துத் தைக்கப்போற கைடா அது!" என்று நர்ஸ் அலறினாள்.

"காலையில வருவீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். கையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து போனார்.

ராத்திரி என்னை அங்கே தங்க விடவில்லை. இப்போது வீட்டு அடுக்களைச் சுவரில் சாமுவேல் தலையை முட்டி முட்டி அழுகிறான். நெற்றி கிழிந்துவிட்டது. நான் தடுக்கவில்லை.

ஆண்டவரே, அந்தக் குழாய் ஓடும் வழி உமக்கும் அந்த டாக்டருக்கும்தான் தெரியும். காலையில் அவர் வருவாரா? சீக்கிரம் பதில் சொல்லும்.