அந்த நாற்பது விநாடி இருக்கட்டும்

அன்பு மகள் வாண்டுவுக்கு அப்பா எழுதுவது. முப்பத்தொரு வயதுக்காரியை இப்படிக் கூப்பிடக் கூடாதுதான், ஆனால் என் பேனாவுக்கு வேறு பெயர் பழக்கமில்லை. இங்கே நானும் அம்மாவும் நலம். எல்லாக் கடிதத்திலும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற அந்த ‘நலம்’ இந்த முறை டாக்டர் சீட்டோடு வருகிறது, அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ சௌக்கியமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உன் மாடி அறையில் ஹீட்டரைச் சரி செய்து கொடுத்தார்களா என்பதெல்லாம் அம்மா மூலமாகத்தான் எனக்குத் தெரிகிறது. எட்டு மாதமாக நீ போன் செய்தால் அம்மாவோடு அரை மணி நேரம் பேசுகிறாய், கடைசியில் அப்பா எப்படி இருக்கார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். குறையாகச் சொல்லவில்லை. நான் செய்த காரியத்துக்கு அந்த ஒரு வார்த்தையே அதிகம்.

நீ டிரம்ஸ் வாசிக்க உங்கள் குழு போட்ட முதல் ரெக்கார்டு தபாலில் வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பது வருஷமாகப் பரணில் தூங்கிக்கொண்டிருந்த என் பிளேயரையும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் அன்றைக்கே இறக்கினேன், தெருமுனை ரேடியோ மெக்கானிக் வந்து ஊசியும் பெல்ட்டும் மாற்றிக் கொடுத்தார், மூன்று தடவை கேட்டேன். கேட்டுவிட்டு, அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவன் புத்தி எங்கே போகும், சிவப்புப் பென்சிலை எடுத்துக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் சிம்பலில், அந்தப் பித்தளைத் தட்டில், பளபளப்பே இல்லை, துணி சுற்றிய தட்டைத் தட்டுவது போல் இருக்கிறது என்று எழுதினேன். மூன்றாவது பாட்டில் பாடகி ஆரம்பிப்பதற்கு முன்னால் நாற்பது விநாடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், அந்த இடத்தை நீக்கியிருக்கலாம் என்று எழுதினேன். அதோடு விட்டேனா, பத்துக்கு நாலு என்று மதிப்பெண் வேறு போட்டேன். ரெக்கார்டு வந்தது, சந்தோஷமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அம்மா அந்தக் கடிதத்தைப் படித்திருந்தால் தபால் பெட்டிக்கே போயிருக்காது, அவள் தூங்கும்போது கொண்டுபோய்ப் போட்டேன்.

நல்ல இசை எப்படி இருக்கும் என்று உனக்கு விளக்கி இன்னொரு கடிதமும் எழுதுவதாக எனக்கு எண்ணம். அதற்காக என் பழைய ராக், பாப் ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வயதில் நான் ஒரு நோட்டில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு வைத்தது உனக்குத் தெரியும், சின்ன வயதில் உனக்கு அதைக் கதைப் புத்தகம் மாதிரி படித்துக் காட்டியிருக்கிறேன். முதலில் அட்டையில் ஏணிப் படம் போட்ட ரெக்கார்டு, நம் வீட்டில் ஏணி அட்டை, அன்றைக்கு நான் ஒன்பது போட்டது. கேட்டால் சப்பென்று இருக்கிறது. சரி, காலம் போனதில் இதற்கு வயதாகிவிட்டது என்று நினைத்து ஐந்து போட்டேன். அடுத்தது மஞ்சள் சைக்கிள் அட்டை, அதுவும் அப்படித்தான். பதினேழு ரெக்கார்டு கேட்டேன், பதினேழிலும் பாடகர்கள் போர்வைக்குள் இருந்து பாடினார்கள், பதினேழிலும் துணி சுற்றிய தட்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினேழு குழுக்கள் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்ய முடியாது, கோளாறு என் காதில்தான் இருக்க வேண்டும். அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவன் ஆயிற்றே. யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மா எதையாவது மெதுவாகச் சொன்னால்கூட முந்திக்கொண்டு பதில் சொல்லி, இன்னும் கேட்கிறது என்று எனக்கு நானே காட்டிக்கொண்டிருந்தேன்.

இப்படியே போயிருக்கும். போன மாதம் அம்மா ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே திடீரென்று அழுதாள். உங்கள் குழு இரண்டாவது ரெக்கார்டுக்கு ஸ்டுடியோ பிடித்திருப்பதையும், நீ உன் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதையும் அப்போதுதான் சொன்னாள். காதும் காதும் வைத்த மாதிரி இருக்கட்டும் என்று நீ கேட்டுக்கொண்டாயாம், பாவம், அவளும் இரண்டு நாள் தாக்குப்பிடித்தாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அப்பா கிடக்கிறார் விடு என்று அவள் சொன்னதற்கு, “அப்பா காது தப்பு பண்ணாதும்மா” என்று நீ சொன்னாயாம். நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் காதை நம்பி நீ குச்சியைக் கீழே வைக்கப் போகிறாய் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே காது டாக்டரிடம் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். காது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு டாக்டரிடம் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். என் காது பழுது என்றால் உன் வாசிப்பு பழுதில்லை, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அறுபத்தி மூணு வயசுக்கு இந்தக் காது ரொம்ப ஜாஸ்தி, வீட்ல யாராவது முணுமுணுத்தா நீங்க கேக்காத மாதிரி நடிக்க முடியாது” என்றாள். அம்மாவிடம் சொன்னபோது அவள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள், முன்பெல்லாம் நான் பேப்பர் படிக்கும்போது அவள் கூப்பிட்டதற்கெல்லாம் திரும்பாததை அவளும் கவனித்து, பயத்தை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். அது காது இல்லை, வெறும் திமிர்தான் என்று தெரிந்ததில் அவளுக்குப் பரம நிம்மதி. எனக்கு மட்டும் குழப்பம். காது சரி, பதினேழு ரெக்கார்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது, அப்படியானால் மிச்சம் இருப்பது பெட்டிதான்.

மெக்கானிக் மறுபடி வந்தார். ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் துணி போர்த்திய சட்டம் இருக்கிறதல்லவா, அதை நெம்பி எடுத்தார். மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர், மெல்லிய கூர்மையான ஓசையெல்லாம் அது வழியாகத்தான் வரும், அதன் வாயை அடைத்துக்கொண்டு ரோஸ் நிறக் கம்பளி சாக்ஸ் ஒன்று சுருண்டு கிடந்தது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். இரண்டாவது பெட்டியைத் திறந்தால் அதன் ஜோடி. “யாருது சார் இது?” என்று அவர் என்னைப் பார்க்கிறார், நான் திருதிருவென்று முழிக்கிறேன், தேநீர் கொண்டுவந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். “அய்யய்யோ, இது வாண்டோட சாக்ஸு” என்றாள். உனக்கு ஆறு மாதம் இருக்கும்போது காய்ச்சல் வந்து தூங்காமல் படுத்தினாயாம். நான் பாட்டுப் போட்டால் தொம் தொம் என்பதற்கு நீ தூங்கிவிடுவாயாம், தட்டுச் சத்தம் ஸ்ஸென்று வந்ததும் விழித்துக்கொள்வாயாம். என்னிடம் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று, கையில் கிடைத்ததை வைத்து இரண்டு பெட்டியிலும் அடைத்துவிட்டாள். அடுத்த வாரமே வீடு மாற்றினோம், பெட்டிகள் பரணுக்குப் போயின. அந்த ஜோடியை எங்கே தொலைத்தோம் என்று அவள் ஒரு வருஷம் தேடினாளாம். மெக்கானிக் சிரித்துச் சிரித்துத் தேநீர் ஆறிப்போயிற்று.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டேன். ஏணி அட்டைக்கு அதன் ஒன்பது திரும்பக் கிடைத்தது, மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். மஞ்சள் சைக்கிள் பழைய நோட்டில் இருந்த ஆறிலிருந்து எட்டுக்கு ஏறிவிட்டது, அன்றைக்குப் பாடகியின் குரலிலேயே மயங்கிக் கிடந்ததில் அடியில் நடந்துபோகும் பேஸ் கிட்டாரை நான் கேட்கவே இல்லை. கத்தரிக்கோல் அட்டைக்கு அந்தக் காலத்தில் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன், அதில் பதினோரு நிமிஷம் ஒருவர் ஆர்கன் வாசித்துக்கொண்டே இருக்கிறார், எழுந்து போகவே மாட்டேன் என்கிறார். அன்றைக்கு என் தலைமுடி மாதிரி அதுவும் தேவைக்கு மேல் நீளம். மூன்று போட்டேன், அந்தப் பழியைச் சாக்ஸ் மேல் போட முடியாது.

உன் ரெக்கார்டைத் தொட மட்டும் இரண்டு நாள் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாதான் எடுத்து வைத்தாள். மூன்றாவது பாட்டு வந்தது. நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக நான் எழுதினேனே அந்த நாற்பது விநாடி, நீ உட்கார்ந்திருக்கவில்லை கண்ணு. குச்சி நுனியால் சிம்பலின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு, பக்கத்து அறையில் யாரோ சாவிக்கொத்தோடு மெதுவாக நடப்பது போல வாசித்திருக்கிறாய். பாடகி ஆரம்பிக்கும்போது நீ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அந்த ரெக்கார்டிலேயே சிறந்த இடம் அதுதான், அதைத்தான் நான் நீக்கச் சொல்லியிருக்கிறேன். நான் அழுதுவிட்டேன், மறைப்பானேன். அம்மா ஊசியை எடுத்து மறுபடி முதலில் வைத்தாள். ஐந்தாவது பாட்டு அரை நிமிஷம் அதிகம், இதைச் சாக்ஸ் சொல்லவில்லை, அப்பா சொல்கிறேன், நம்பு. நம்பினால் மற்றதையும் நம்பு.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எழுத்தில் செய்த பிழையை எழுத்தில்தான் திருத்த வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். புரூஃபில் சரியான சொல்லைத் தவறாகக் கோடு போட்டு அடித்துவிட்டால் அழித்துப் பூசி மறைக்க மாட்டோம். அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவோம். அடித்தவனே தப்பு, இது இருந்தபடி இருக்கலாம் என்று அர்த்தம். என் பழைய கடிதத்தை நீ கிழித்திருக்க மாட்டாய், என் பெண்ணை எனக்குத் தெரியும். அதை எடுத்து, நாற்பது விநாடி என்று எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே புள்ளி வைத்துக்கொள். அந்த நாலு மதிப்பெண்ணை மட்டும் நன்றாகவே அடித்துவிடு, வேறு எண் போட எனக்கு யோக்கியதை இல்லை. டிரம்ஸுக்குப் பின்னால் இருக்கிற உன் இடத்துக்குக் கீழேயும் நான் இங்கிருந்தே புள்ளி வைத்துவிட்டேன். அங்கே இருப்பது நீயாகவே இருக்கட்டும்.

நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும், கை ஓயாமல் நீ நீடூழி வாழ வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். சாக்ஸ் ஒன்றை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், மற்றதை அம்மா தரமாட்டேன் என்கிறாள். ஸ்டுடியோவுக்குப் போகும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதே. முக்கியமாக ஒன்று, இனி நீ போன் செய்தால் நான்தான் எடுப்பேன், அம்மாவிடம் கொடுங்கள் என்று உடனே சொல்லிவிடாதே. மெதுவாகப் பேசினாலும் போதும்.

இப்படிக்கு,
இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற
உன் அப்பா