இரண்டு முறை படித்த மேக்ரோ

பத்து காவான்
14.7.2025

அன்புள்ள மர்ஜானாவுக்கு,

நலமா? பாலத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. ஆறு வருடமாக ஒரு தேநீருக்குக்கூடச் சந்திக்கவில்லை. கோபம் இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

இயங்குதளக் கெர்னலுக்கு நாம் இருவரும் எழுதிய, குளிர்பெட்டியை இயக்கும் டிரைவர் நிரல் நினைவிருக்கிறதா? உன் பக்கம், பாலிக் புலாவில் சின்னையா அண்ணனின் குளிர் அறை அதில்தான் ஓடுகிறது. போன வாரம் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. அறை நிறைய டுரியான் சுளை வீண். "மணி ஒரு தடவ அடிச்சிருந்தா ஓடி வந்திருப்பேன் லா, தங்கச்சி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று நாளாகத் தேடுகிறேன். இரண்டு எண்களில் பெரியதைத் தரும் என் மேக்ரோவுக்குள் போனதும் கோளாறுக் குறி காணாமல் போகிறது. ஏன் என்று புரியவில்லை. கொஞ்சம் பார்க்கிறாயா?

துளசி

ஜெலுத்தோங்
15.7.2025

துளசி,

நலம். கோபமும் நலம்.

பார்த்தேன், ஐந்து நிமிடம் ஆனது. மேக்ரோ, நீ உள்ளே கொடுத்ததை எழுதியபடியே இரண்டு இடத்தில் ஒட்டும்: ஒப்பிட ஒன்று, விடை தர ஒன்று. அன்று வெறும் எண்கள்தான் உள்ளே போயின, தப்பித்தாய். இப்போது கோளாறுக் குறி இருக்கும் சிப்பைப் படிக்கும் கட்டளையையே யாரோ நேராக உள்ளே வைத்திருக்கிறார்கள். அந்தச் சிப்பில் ஒரு முறை படித்தாலே குறி அழிந்துவிடும். ஒப்பிடும்போது கோளாறு தெரிகிறது. விடை தர மறுபடி படிக்கும்போது ஒன்றுமே இல்லை. மேக்ரோவுக்குப் பதில் ஃபங்ஷனாக எழுதியிருந்தால் ஒரே முறைதான் படித்திருக்கும்.

இதைத்தான் 2019இல் சொன்னேன். நீ கெர்னல்காரர்களின் மின்னஞ்சல் மடற்குழுவில், ஊரே படிக்க, "மர்ஜானாவுக்கு வேகத்தின் அருமை தெரியாது" என்று எழுதினாய். அங்கே போனது அழியாது. புது வேலைக்கான நேர்காணலில் அதைக் காட்டி என்னைக் கேட்டார்கள், தெரியுமா?

அந்தக் கட்டளையை வைத்தது யார் என்று நான் தேடவில்லை. நீயே சொல்.

மர்ஜானா

பத்து காவான்
17.7.2025

மர்ஜானா,

நான்தான். இந்த மார்ச்சில்.

என் மேலாளர் ஜெயராஜ், "திருத்தத்த மத்த மாத்தத்தோட சேத்து சத்தமில்லாம போட்டுரு. அடுத்த மாசம் நீ டீம் லீடர் லா" என்றார். அப்படிச் செய்தால் மற்ற குளிர் அறைக்காரர்களுக்குத் தங்கள் பெட்டியிலும் இது இருப்பது தெரியாது. எந்தப் பழைய மாற்றத்தின் பிழையைத் திருத்துகிறோம் என்று ஒரு வரி எழுதுவதுதானே நம் வழக்கம்? எழுதினேன். அதைப் பிடித்துப் போனால் என் பெயரில் போய் நிற்கும்.

இன்று காலை திருத்தத்தை மடற்குழுவுக்கு அனுப்பிவிட்டேன். மேக்ரோவை எடுத்துவிட்டு ஃபங்ஷன் வைத்தேன். வேகத்தையும் அளந்தேன், துளி வித்தியாசம் இல்லை. அதையும் அன்றே சொன்னாய். விளக்கத்தின் கடைசி வாக்கியம் இது: "ஃபங்ஷன் வேண்டும் என்று மர்ஜானா 2019இலேயே சொன்னார், நான் கேட்காமல் அவரைப் பற்றித் தவறாக எழுதினேன்." இதுவும் அழியாது.

வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். பெருமையாக இருக்கிறது, உன்னை நினைத்து.

சரிபார்த்தவர் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன்.

உன் துளசி

ஜெலுத்தோங்
18.7.2025

அன்புள்ள துளசிக்கு,

உன் திருத்தத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறையும் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது.

ஆனால் உன் ஃபங்ஷன் சுழிக்குக் கீழே போகும் எண்களை ஏற்காது. குளிர் அறையில் மைனஸ் இல்லாமலா? மடற்குழுவிலேயே பதில் போட்டிருக்கிறேன், முகத்தாட்சண்யம் பார்க்கவில்லை. மாற்றி அனுப்பு, காலி இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கை ரோஹானாவுக்குத் திரையைக் காட்டி, "இவ என் கூட்டாளி" என்றேன். சொல்லும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி வா. சின்னையா அண்ணன் குளிர் அறைக்குப் போவோம். கம்ப்ரஸரை நீ நிறுத்து. மணி அடிக்கிறதா என்று நான் கேட்கிறேன்.

உன் மர்ஜானா