முந்நூற்று எண்பது மூட்டை மணிலா

மார்ச் 11, செவ்வாய்

இன்று முதலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதினொரு மாதமாக "ஏ பொண்ணு"தான். இன்றைக்கு ஆபீஸ் கதவுக்கு வெளியே வந்து நின்று "யுவஸ்ரீ" என்றார். குடோனில் மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

உள்ளே முதலாளியின் மருமகன் கமலேஷ் சார் இருந்தார். ஏற்றுமதியெல்லாம் அவர்தான் பார்க்கிறார். செல்போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். எங்கள் மூட்டை. நான் அட்டையில் எழுத்து வெட்டி, கறுப்பு மை தடவி அடித்தது. மணிலா என்று ஆறு இங்கிலீஷ் எழுத்து.

"இது யாரு அடிச்சது?"

நான்தான் என்று அவருக்குத் தெரியாதா?

"சர்டிபிகேட்ல இந்தியா சரக்குன்னு இருக்குது. மூட்டையில மணிலான்னு இருக்குது. மணிலா எங்க இருக்குது தெரியுமா? பிலிப்பைன்ஸ்ல. எவன் நாட்டு சரக்கயோ இந்தியா பேர்ல அனுப்புறோம்னு மலேசியா துறைமுகத்துல கண்டெய்னர நிறுத்தி வச்சிருக்கான். ஒன்னாலதான்."

திரும்பிப் போய்ப் பொறுக்க உட்கார்ந்தேன். வழக்கம்போல.

மார்ச் 12, புதன்

என்ன தப்பு செய்தேன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

வேர்க்கடலையை வீட்டில் நாங்கள் மல்லாட்டை என்போம். விற்பனைக் கமிட்டியில், கடைத்தெருவில், வியாபாரிகள் வாயில் அது மணிலா. மணிலா மூட்டை, மணிலா விலை, மணிலா சீசன். செஞ்சியில் யாரும் அதைக் கேட்டு ஒரு ஊரை நினைக்க மாட்டார்கள். அது ஒரு ஊர் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

கமலேஷ் சார் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: "மணிலா, 50 கிலோ, லாட் 7. இங்கிலீஷில் அடிக்கவும்." அவர் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். நான் எழுத்துக் கூட்டி அட்டையை வெட்டினேன். முதல் மூட்டையை அடித்ததும் அவரே போட்டோ எடுத்தார். "சூப்பர்" என்றார். முந்நூற்று எண்பது மூட்டை. இரண்டு நாள் முட்டி போட்டு அடித்தேன்.

அந்தச் சீட்டில் மை துடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். நானே போட்டுவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பொறுக்கும் இடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வளர்மதி அக்கா எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னது: "பத்தாவதுகூட தாண்டாதது இங்கிலீஷ் எழுதப் போச்சாம். கப்பலு நிக்குது இப்ப."

எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். அதற்கப்புறம் நான் போகவில்லை. இங்கிருந்து எங்கே போவது?

மார்ச் 17, திங்கள்

கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு காகிதம் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ்.

"போடு, முடிஞ்சிரும்" என்றார் கமலேஷ் சார். "சும்மா ஒரு விளக்கக் கடிதம். சென்னையில நம்ம ஏஜென்ட் மோனிகா மேடம் அத அங்க அனுப்புவாங்க. கண்டெய்னர வுட்ருவான்."

"வூட்ல காட்டிட்டு வர்றேன் சார்." இன்று முழுக்க நான் பேசியது இந்த ஒரு வாக்கியம்.

அவர் முறைத்தார். முதலாளி, "எடுத்துட்டுப் போவட்டும், வியாழக்கிழமைக்குள்ள வந்துடணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து செல்போனைக் காகிதத்தின் மேல் காட்டி மொழிபெயர்த்தேன். அது தன் தமிழில் சொன்னது: "நான், யுவஸ்ரீ, வயது 19, நிர்வாகத்தின் அறிவுறுத்தல் எதுவும் இன்றி, எனது சொந்த விருப்பத்தின் பேரில் பைகளின் அடையாளங்களை மாற்றியுள்ளேன்."

சொந்த விருப்பமாம். மலேசியாவில் இருப்பவனை ஏமாற்ற எனக்கு ஆசையாம்.

வயது 19? வருகிற நவம்பரில்தான் எனக்குப் பதினெட்டு ஆகும்.

நைனா கேட்டுவிட்டு பீடியை அணைத்தார். "போட்டுடு மா. நம்மள இன்னா தூக்குலயா போடப்போறாங்க?"

"நான் செய்யல நைனா."

"செஞ்சன்னு எவன் சொன்னான்? போட்டுடுன்னுதான் சொல்றன்."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நைனாவுக்கே தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பத்தொன்பது ஏன் என்று புரிந்துவிட்டது. ஜனவரியில் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் குடோனைப் பார்க்க வந்த அன்று எனக்கு மட்டும் லீவு கொடுத்தார்கள். சம்பளத்தோடு லீவு! நான் முட்டாள், சந்தோஷப்பட்டேன். பதினெட்டுக்குக் கீழே இங்கே ஆள் கிடையாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். வளர்மதி அக்காதான் சொன்னது. பாசத்தில் இல்லை.

"வயசயெல்லாம் கெளறாத. நீ கையெழுத்துப் போடலன்னா கண்டெய்னரு திரும்பி வரும். திரும்பி வந்தா அடுத்த ஆர்டரு இல்ல. இருவத்திரண்டு பேரு வயித்துல அடிக்கிற, தெரிதா? ஒரு கையெழுத்து, அதுக்கு இன்னாடி இவ்ளோ ராங்கி?"

ராங்கியாம், திமிராம். எனக்கு.

மார்ச் 19, புதன்

போடலாம். போட்டால் எல்லாரும் மறுபடி பக்கத்தில் உட்காருவார்கள். ஆனால் அந்தக் காகிதம் எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு கோப்பில் இருக்கும். செஞ்சியில் யுவஸ்ரீ என்று ஒருத்தி, ஏமாற்றுக்காரி. நான் பார்க்காத ஆட்கள் அதைப் படிப்பார்கள். என் பேர்தான் எனக்குன்னு இருக்குது. வேற இன்னா இருக்குது?

மார்ச் 20, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலேயே வீட்டில் உட்கார்ந்து 19ஐ அடித்து 17 என்று எழுதினேன். பிறந்த தேதியையும் எழுதினேன். "அறிவுறுத்தல் எதுவும் இன்றி" என்கிற வரியின் மேல் ஒரு கோடு. கீழே இருந்த இடத்தில் தமிழில்: "கமலேஷ் சார் சீட்டில் மணிலா என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊரில் மணிலா என்றால் மல்லாட்டை. வேர்க்கடலை. அது எல்லாருக்கும் தெரியும். அதைத்தான் அடித்தேன்." அதற்கும் கீழே கையெழுத்து.

ஆபீஸில் நீட்டினேன். கமலேஷ் சார் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே வாங்கினார். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். போட்டோ எடுத்தார். அனுப்பிவிட்டார். படிக்கவே இல்லை!

"அப்பவே போட்டிருந்தா இவ்ளோ டென்ஷன் இல்ல" என்றார்.

நான் வாசலுக்குப் போவதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். சென்னை மோனிகா மேடம். ஆனால் பேச்சு சென்னைப் பேச்சு இல்லை.

"சார், இந்தப் புள்ளைக்கு பதினேழா? இதை நான் எப்படி அனுப்பட்டும்? நீங்க படிச்சுப் பாத்தீங்களா இல்லையா?"

கமலேஷ் சார் காகிதத்தைத் திருப்பினார். முகம் செத்துப்போனது.

"அது கெடக்கட்டும். மணிலான்னா கடலையா?"

"ஆமா மேடம்… இங்க அப்டிதான்…"

"எங்க நாகர்கோவில்ல கடலைன்னுதான் சொல்லுவோம். பத்து நாளா அந்தப் பொண்ணு எழுத்தைத் தப்பா வெட்டிட்டான்னு சொல்லிட்டு இருக்கீங்க! பிலிப்பைன்ஸ் பழைய சாக்கான்னு நான் எத்தனை தடவ கேட்டேன்? இது கடலைக்குப் பேருங்க, ஊர்ப்பேரு இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? கமிட்டியில வாங்குன சீட்டுல அந்தப் பேரு இருக்குமா?"

"எல்லாத்துலயும் அதான் மேடம் இருக்கும்."

"அதை அனுப்புங்க. விவசாயிகிட்ட வாங்குன ரசீது, லேப் ரிப்போர்ட், எல்லாம். இந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க."

போனை வைத்ததும் அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வாய் இல்லாத பொண்ணுன்னு நெனச்சன். கைல வச்சிருக்கிற வாய" என்றார். பிறகு, "நாளைலேருந்து வராத."

முதலாளி கணக்குப் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மார்ச் 21, வெள்ளி

வீடு. நைனா என்னோடு பேசவில்லை.

மார்ச் 29, சனி

அமாவாசை. பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற பஸ் எல்லாம் பிதுங்கிக்கொண்டு போனது. மஞ்சள் புடவையில் வளர்மதி அக்கா. என்னைப் பார்த்ததும் பஸ் எப்போது வரும் என்று பக்கத்தில் இருந்த யாரிடமோ கேட்டது. பஸ் அக்காவின் முன்னாடியே நின்றுகொண்டிருந்தது.

எனக்கும் அக்காவைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கண்டெய்னரை விட்டுவிட்டார்கள். ரேஷன் கடையில் கேள்விப்பட்டேன். கமிட்டிச் சீட்டுகளை மொழிபெயர்த்து, மணிலா என்பது இந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்குப் பேர் என்று மோனிகா மேடம் எழுதிக் கொடுத்தார்களாம். அங்கேயே ஆள் வைத்து ஒவ்வொரு மூட்டையிலும் புது லேபிள் ஒட்டினார்களாம்.

"கமலேஷ் சாரு சட்டம் பேசி கண்டெய்னர எடுத்துட்டாரு" என்று வரிசையில் நின்ற பொம்பளை சொன்னது. குடோனில் வேலை செய்கிறவள்தான். நடந்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துச் சொன்னாளா, தெரியும் என்று நினைத்தா?

சட்டம் பேசினாராம்! படிக்காமல் போட்டோ எடுக்கிற ஆள்.

ஏப்ரல் 9, புதன்

கமலேஷ் சார் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். இறங்கவில்லை. பின்சீட்டில் புது அட்டைகள் கட்டியிருந்தன.

"மாமா சொன்னாரு. பதினெட்டு ஆவற வரைக்கும் குடோன் உள்ள வராத. அட்டைய மட்டும் வூட்ல வெட்டிக் குடு. வேற எவனுக்கும் நேரா வரல." என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார். "கிரவுண்ட்நட் கெர்னல்ஸ். கீழ பிராடக்ட் ஆஃப் இந்தியா. லாட் எட்டு. நாளைக்கு வேணும்."

நைனா ஓடிப்போய் அட்டையை வாங்கினார். "வெட்டிடும் சார், வெட்டிடும்."

நான் உள்ளே போய் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு வந்தேன்.

"எழுதிக் குடுங்க சார்."

"இன்னா?"

"இப்ப சொன்னத. இங்கிலீஷ்ல. கீழ கையெழுத்து, தேதி."

"ஏய் யுவஸ்ரீ" என்றார் நைனா.

கமலேஷ் சார் சிரித்தார். அது சிரிப்பு இல்லை. "ஒனக்கு நான் கையெழுத்துப் போடணுமா? நீ யாரு, கஸ்டம்ஸா?"

நான் பேனாவை நீட்டியபடியே நின்றேன். பக்கத்து வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர் தாளைப் பிடுங்கி பெட்ரோல் டேங்கின் மேல் வைத்து எழுதினார், கையெழுத்தைக் கிறுக்கினார், மண்ணில் போட்டார், போய்விட்டார்.

எடுத்துத் தட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக இரண்டு தடவை படித்தேன். தேதி போடாமல் விட்டிருந்தார், அதை நான் போட்டேன். ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன். பிறகு அட்டையை விரித்து, பிளேடை எடுத்தேன்.