நேராக ஓடிய கோடு

18 ஜூன் 1984, திங்கள்

தறி முதலாளிகள் பிறக்காத பிள்ளையின் இதயத்தையும் கெடுத்துவிட்டார்கள். இது என் ஆத்திரம் இல்லை. மெஷின் கோடு போட்டுக் காட்டுகிறது.

டாக்டர் சுபைதா பேகத்திடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. விலங்கியல் படித்துவிட்டுக் குருவிகுளத்தில் ஆடு பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஆராய்ச்சி உதவியாளர் என்று பட்டம். வேலை இதுதான்: கர்ப்பிணியின் வயிற்றில் பட்டையைக் கட்டி, உள்ளே இருக்கும் பிள்ளையின் துடிப்பு வேகத்தை ஓடுகிற காகிதத்தில் கோடாகப் பதிவது. துடிப்பு ஒரே சீராக இருந்தால் நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தலைகீழ். நல்ல இதயத்தின் துடிப்பு கூடும், குறையும். கோடு சின்னப்பிள்ளை கிறுக்கியது போல இருக்க வேண்டும். நேராக ஓடினால்தான் கவலை.

காலையில் தறித்தெருப் பெண்கள். மத்தியான பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்டுவேலைப் பெண்கள், மானாவாரி நிலத்தில் களையெடுக்கிறவர்கள். காட்டுவேலைக்காரிகளின் கோடு குதிக்கிறது. தறிக்காரிகளின் கோடு பாதிக்கு மேல் படுத்துக் கிடக்கிறது. சத்தம்தான், வேறென்ன? அந்தத் தெருவில் நான் பேசுவது எனக்கே கேட்காது. வயிற்றுக்குள் இருப்பது என்ன பாடுபடும்?

21 ஜூன்

தாய்மாருக்கும் இ.சி.ஜி. எடுத்து, துடிப்பு வேகத்தைக் கணக்குப் போட்டு அதே மாதிரிக் கோடு வரைகிறோம். வயிற்றில் குதிக்கும் இதயம் வளர்ந்த பிறகும் குதிக்குமா என்பது டாக்டரின் கேள்வி. "இருபது வருஷம் கழிச்சு இதே பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாக்கணும் வள்ளி" என்றார். தேடவே வேண்டாம். அதே தறியில்தான் நிற்பார்கள்.

ஆள் வராத நேரத்தில் என்னையே படுக்கவைத்துப் பார்த்தார். மூச்சை இழுத்தால் துடிப்பு கூடுகிறது, விட்டால் குறைகிறது. "நல்ல இதயம். வாய்தான் கொஞ்சம் கூடுதல்."

26 ஜூன், செவ்வாய்

பூமாரிக்கு எட்டு மாதம். அய்யாத்துரை அண்ணாச்சி தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறாள். தறி நாடாவுக்குள் போகும் நூலைச் சுற்றிக் கொடுக்கும் வேலை. வேலைக்குப் போகும் வழியில் வந்து படுத்தாள். கோடு நூல் பிடித்த மாதிரி ஓடியது.

"நேரா ஓடுதுல்லா? நல்லதுதானக்கா?" என்றாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அக்கா என்கிறாள். நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

டாக்டர் இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்போம் என்றார். அப்போதும் இப்படியே என்றால் திருநெல்வேலிக்கு. ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டி வரலாம்.

எனக்கு வாய் நிற்கவில்லை. தறிக்கூடத்து வாசலில் போய், "உங்க சத்தம் பிள்ளையக் கொல்லுது அண்ணாச்சி" என்று கத்திவிட்டு வந்தேன். கத்தினால்தான் அங்கே கேட்கும்.

27 ஜூன்

அண்ணாச்சி காலையிலேயே வந்துவிட்டார்.

"ஏம்மா, சத்தத்துல பிள்ள செத்துரும்னா எங்க தெருவுல ஒருத்தனும் பொறந்திருக்க மாட்டான். நான் தறிக்கடியில தொட்டில் கட்டி வளந்தவன். என் நெஞ்ச வச்சுப் பாரு."

இ.சி.ஜி. எடுத்து அவர் துடிப்பையும் கோடாக வரைந்து பார்த்தேன். பூமாரி பிள்ளையுடையதைவிட நேராக ஓடியது. டாக்டர் பார்த்துவிட்டு, வயது கூடினால் அசைவு குறையும், சர்க்கரை இருந்தாலும் குறையும் என்றார். "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க. ரத்தம் எடுத்துப் பாப்போம்."

அவருக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் போகும்போது சொன்னார்: "கோடு நேரா ஓடுதவ யாரும் நம்ம தறிக்கு வர வேண்டாம். நாளைக்கு ஒண்ணுன்னா எங்களத்தான சொல்லுவீக."

"அப்போ நீங்களும் வரக் கூடாதுல்லா, அண்ணாச்சி?" என்றேன். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

ஆனால் பூமாரிக்கு வேலை போய்விட்டது. நான் கத்தியதற்கு அவளுக்குத் தண்டனை. நல்லா இருக்கு ஞாயம்.

28 ஜூன், வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பூமாரி மறுபடி படுத்தாள். மறுபடி நேர்க்கோடு. டாக்டர் திருநெல்வேலிக்குப் போன் போடப் போனார். வெளியே பெஞ்சில் அண்ணாச்சி, ரத்தம் கொடுக்க. பசியில் புலம்பிக்கொண்டிருந்தார்: "நேத்து ராத்திரி தின்னது. காது அடைக்கி. எப்பத்தான் எடுப்பீக?"

உள்ளே இருந்தபடி பூமாரி, "எனக்குந்தான் அடைக்கி" என்றாள்.

"நீ சாப்பிடலியா?"

"டெஸ்டுன்னா வெறும் வயித்தோடல்லா வரணும்?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஆஸ்பத்திரின்னா அப்படித்தான. எங்க தெருப்பிள்ளைய எல்லாம் அப்படித்தான் வாரோம்."

எங்கள் ஊர்க்காரிகள் மத்தியானம் வருகிறார்கள். கஞ்சி குடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வடை தின்றுவிட்டு. ஒருத்தியிடமாவது கேட்டேனா?

ஓடிப்போய் இட்லி வாங்கிவந்தேன். தின்றாள். காத்திருந்தோம். பட்டையைக் கட்டினேன். முதலில் நேராகத்தான் ஓடியது. பிறகு ஒரு துள்ளல். பிறகு கிறுக்கலோ கிறுக்கல். பூமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சவுட்டுதா பாரு, மூதேவி" என்றாள். கண்ணில் தண்ணீர்.

டாக்டர் போனை வைத்துவிட்டு வந்தார். பசியா, முதலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததா, ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது என்றார். காலையில் எடுத்தது ஒன்றும் கணக்கில் சேராது. சாப்பிடவைத்து எல்லோருக்கும் மறுபடி. ஒரு மாத வேலை போனதே என்று ஒரு வார்த்தை இல்லை. பெரிய மனுஷி.

பூமாரிக்கு ஆபரேஷன் இல்லை.

அண்ணாச்சிக்குச் சர்க்கரை இருக்கிறது.

12 ஜூலை

தறித்தெரு முழுக்க மறுபடி எடுத்தாயிற்று. சாப்பிட்டுவிட்டு வந்தால் தறிக்காரிகளின் கோடும் குதிக்கிறது. என் சத்தக் கதை போயிற்று. சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேனா? அந்தப் பிள்ளைகள் கெட்டுப்போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்குமோ – சீ.

அண்ணாச்சி பால்கோவா கொடுத்துவிட்டிருக்கிறார். தறிமேல் பழி இல்லை என்ற குஷி. தான் தின்ன முடியாத எரிச்சலும் சேர்ந்திருக்கும். பூமாரியை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

13 ஜூலை

பால்கோவாவைப் பூமாரியிடம் கொடுத்தபோது சும்மாதான் கேட்டேன். "டெஸ்ட் இல்லாத நாள்ல காலையில எத்தன மணிக்குச் சாப்பிடுவ?"

"பதினோரு மணிக்குத்தான் தறிய நிறுத்துவாவ."

"அதுவரைக்கும்?"

"நீ ஒருத்தி. அதுவரைக்கும் வேலதான்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டெஸ்டுக்காகப் பட்டினி கிடந்தார்கள் என்று நினைத்தேன். தினமும் அதே வெறும் வயிறுதான். டெஸ்டுக்கு வந்ததால் தெரிந்தது, அவ்வளவுதான். டாக்டரிடம் சொன்னேன். அதையும் ஆராய்ச்சியில் எழுதுவதாகச் சொன்னார். எழுதட்டும். அச்சாகி வருவதற்குள் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும்.

6 ஆகஸ்ட், திங்கள்

பூமாரிக்குப் பெண் பிள்ளை. சுகப்பிரசவம். பிறந்ததும் அழுத அழுகைக்கு மெஷினே தேவையில்லை.

11 ஆகஸ்ட், சனி

பூமாரி கொடுத்தனுப்பிய கல்கண்டை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போனேன். காலை எட்டு மணி. அண்ணாச்சி கண்ணாடி அறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நேரத்துக்குத் திங்கணும்னு டாக்டரம்மா உத்தரவு. அஞ்சு நிமிஷம் பிந்துனாலும் கை நடுங்குது" என்று கத்திச் சொன்னார்.

அப்போது கரண்ட் போனது. எல்லாத் தறியும் நின்றது. அந்த இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. தார் சுற்றுகிற பெண்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் பிள்ளைத்தாச்சி.

நான் கத்தவில்லை. "அண்ணாச்சி, எட்டு மணிக்கு உங்களுக்குப் பசிக்குதுல்லா. இவங்களுக்கும் அரை மணி நேரம் தறிய நிறுத்துங்க" என்றேன்.

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். என்னைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார்.

"எப்ப இருந்து, அண்ணாச்சி?" என்று விடாமல் கேட்டேன்.

கரண்ட் வந்துவிட்டது. அவர் சொன்ன பதில் தறிச் சத்தத்தில் முங்கிப்போயிற்று.