திருப்பி அனுப்பிய உழவு இயந்திரம்

வற்றாப்பளை
02.02.2001

அன்பின் மலருக்கு,

நான் நலம். வவுனியாவில் நீயும் மகள் கஜேந்தினியும் சுகமாயிருக்க அம்மன் துணை. அறுவடை முடிந்து கதிர்க்கட்டுகளைக் களத்தில் சூட்டுப் போராகக் குவித்தாயிற்று. சூடு மிதித்து நெல்லைப் பிரித்ததும் பயணப் பாஸ் எடுத்து வந்துவிடுவேன் என்றேன் அல்லவா? டீசல் தட்டுப்பாடு, உழவு இயந்திரம் கிடைக்கவில்லை. மாட்டை விட்டுத்தான் மிதிக்கவேண்டும். கொஞ்சம் பிந்தும், கோபிக்காதே.

ஒரு புதினம். கதிர் வெட்டின கடைசி நாள் காலை, நந்திக்கடல் பக்கமிருந்து பெரிய இரைச்சல். குண்டு போட வரும் கிபிர் விமானம் என்று நினைத்து எல்லோரும் பங்கருக்குள் குதித்தோம். பக்கத்து வளவு வீரம்மா அக்கா அரிவாளும் கையுமாகக் குதித்ததில் நான் உடுத்திருந்த சாரம் இரண்டாகக் கிழிந்தது. குண்டு விழவில்லை. மெல்லத் தலையை நீட்டினேன். தாராப் பறவைகள், மலர். ஆயிரமா பத்தாயிரமா தெரியாது, வானத்தில் நீலமே தெரியவில்லை. எங்கள் வயலில்தான் வந்து இறங்கின.

அன்புடன்,
ஐயாத்துரை


வவுனியா
15.02.2001

கஜேந்தினியின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நேற்று வீரம்மா அக்கா கண் காட்ட இங்கே வந்திருந்தா. டீசல் இன்னும் வரவில்லையா என்று கேட்டேன்.

"டீசலோ? போன மாதக் கடைசியிலையே உழவு மெசின் களத்துக்கு வந்தது பிள்ளை. உன்ரை மனிசன்தான் திருப்பி அனுப்பினவர்" என்றா. ஏனென்று அவவுக்கும் தெரியவில்லை. தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன்.

சத்தம் கேட்டாலே பிள்ளை நடுங்குகிறாள் என்றுதானே இங்கே வந்தோம்? அவள் வேலியடியில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்க்கிறாள். எங்களிடம் வர விருப்பமில்லை என்றால் அதை எழுதுங்கள். டீசல் மேல் பழி போடவேண்டாம்.

இராசமலர்


வற்றாப்பளை
24.02.2001

அன்பின் மலருக்கு,

பொய்தான் எழுதினேன், மன்னித்துக்கொள். மெசின் வந்தது. அது களத்தில் இரைந்தால் பறவைகள் எழும்பிப் போய்விடும் என்று பயந்து திருப்பி அனுப்பினேன். மாடு சுற்றினால் அவை அசைவதில்லை. மாட்டுக்குப் பின்னால் நடந்தபடி நாள் முழுக்கப் பார்க்கிறேன். கடலோரச் சேற்றில் பூநாரைகளும் வந்திருக்கின்றன. நிற்கும்போது வெள்ளை. எழும்பும்போதுதான் செட்டைக்குள் உன் கூறைச் சேலையின் சிவப்புத் தெரிகிறது. முதல் நாள் மாட்டை மறந்து நின்றுவிட்டேன், அது நெல்லைத் தின்றுகொண்டிருந்தது.

இந்தப் பத்து வருஷமாக மேலே பார்த்ததெல்லாம் பயத்தில்தான். இந்த மாதம்தான் ஆசையோடு அண்ணாந்து பார்த்தேன். அதை விட்டு வர மனம் வரவில்லை. உங்களைவிட அது பெரிதல்ல, ஆனால் பெரிதென்பதுபோல் நடந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்றோடு சூடு முடிந்தது. பறவைகளும் குறைகின்றன. நீ வா என்றால் நாளைக்கே பாஸுக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

ஐயாத்துரை


வவுனியா
06.03.2001

கஜேந்தினியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கோபம் முழுதாகப் போகவில்லை. நாலாம் தரம் மகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்பா பயப்பிடாமல் மேலை பாத்தவரோ அம்மா?" என்று கேட்டாள். பிறகு, தனக்கும் பார்க்கவேண்டும் என்றாள். சத்தம் போடுமே என்றேன். அது தாராத்தானே என்றாள்.

இரைச்சல் கேட்டால் நான் ஒருநாளும் வானத்தைப் பார்த்ததில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். ஓடுவதா நிற்பதா என்று அதில்தான் எனக்குத் தெரியும். அந்த முகத்தில் பயத்தை மட்டும்தான் கண்டிருக்கிறேன்.

நீங்கள் பாஸ் எடுக்கவேண்டாம். அடுத்த புதன்கிழமை வர எங்கள் இரண்டு பேருக்கும் பாஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பிறகு எங்கே இருப்பதென்று மூன்று பேரும் வயலில் நின்று பேசுவோம். அதற்குள் பறவைகள் போயிருந்தால் போகட்டும். நீங்கள் ஒரு தரம் அண்ணாந்து நில்லுங்கள். நான் பார்க்கவேண்டும்.

உங்கள்
மலர்