தவமணி அண்ணன் எழுதாத நாட்கள்

என் பிரியத்துக்கும், இப்போது என் கோபத்துக்கும் உரிய தவமணி அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கம். இந்த முறை கேட்கப் போவதில்லை. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டேன். இப்போது உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. பதில் பேச முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள் என்பதற்காக விட்டுக்கொடுப்பேன் என்று நினைக்காதீர்கள்.

இந்தக் கடிதத்தை நம் எழுத்துக் குழுவில் இருக்கிறவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. தேனி கடைவீதியில் நோட்டும் பேப்பரும் விற்கிற நம் பால்ராஜ் சார், குழுவைத் தொடங்கியவர், உங்கள் பெயரில் ஒரு போட்டி வைத்தார். நூறு நாள், நாளுக்கு ஒரு பக்கம். நாம் மூன்று வருஷமாகச் செய்துவந்தது போலவே, எழுதிய பக்கத்தைக் காலை ஆறு மணிக்குள் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். ஒரு நாள் தவறினால் வெளியே. காரணம் எதுவும் செல்லாது. இதற்கென்று ஒரு ஃபிளெக்ஸ் வேறு. அதில் உங்கள் சிரித்த முகம், பக்கத்தில் நீங்கள் கடைசியாக அனுப்பிய பக்கத்தின் படம், கீழே பெரிய எழுத்தில் 'கடைசி மூச்சு வரை எழுதியவர்'.

அந்த ஃபிளெக்ஸ் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. கடைசி நாளன்றும் நீங்கள் ஆறு மணிக்குப் பக்கம் அனுப்பினீர்கள். எட்டு மணிக்குக் கூடலூர்த் தோட்டத்தில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பிறகு எழுந்திருக்கவில்லை. தோட்ட வேலையையும் பார்த்துக்கொண்டு மூன்று வருஷமாக ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதிய மனிதர் என்று எல்லோரும் பேசினார்கள். அதிகமாகப் பேசியது நான். போட்டியில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்ததும் நான்தான்.

போன மாதம் செல்வி மதினி உங்கள் நாவல் நோட்டுகளை என்னிடம் தந்தார். ஆறு நோட்டு. டைப் செய்து புத்தகமாகக் கொண்டுவர வேண்டும் என்றார். போடியில் நான் வேலை பார்க்கிற ஏலக்காய்க் கடை ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து டைப் அடித்தேன். அடிக்க அடிக்கப் பெருமையாக இருந்தது. அதுவும் அந்த லாரி டிரைவர் வருகிற இடமெல்லாம் என்ன எழுத்து அண்ணே!

மூன்றாவது நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பியதும் கை நின்றுவிட்டது. ஃபிளெக்ஸில் இருந்த அதே பக்கம். எழுதிய தேதியை ஓரத்தில் குறித்துவைப்பது உங்கள் வழக்கம். அந்தத் தேதி நீங்கள் போவதற்கு ஐந்து மாதம் முந்தையது. போனை எடுத்து நீங்கள் அனுப்பிய பழைய படங்களை ஒவ்வொன்றாக நோட்டோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் ஓரத்தை மட்டும் வெட்டியிருந்தீர்கள்.

ஒரு வாரம் ஆவேசம் வந்தவர் போல எழுதியிருக்கிறீர்கள், ஒரே நாளில் பதினைந்து பக்கம்கூட. அப்புறம் இருபது நாள், இருபத்தைந்து நாள் ஒன்றுமே இல்லை. அந்த நாட்களில் ஆறு மணிக்கு எங்களுக்கு வந்ததெல்லாம் சேர்த்துவைத்த பக்கங்கள். எழுதாமலே ஏமாற்றினீர்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கமெல்லாம் உங்களுடையதுதான். நாள்தான் பொய்.

எழுதாத நாட்களுக்கு ஆறாவது நோட்டின் பின்பக்கத்திலிருந்து தேதி போட்டு ஒரு வரி எழுதிவைத்திருக்கிறீர்களே, அதைப் படிக்கத்தான் எனக்குப் பொறுமை போதவில்லை. 'தண்ணி பாய்ச்சினேன். எழுதல.' 'லோயர் கேம்ப் வரைக்கும் வண்டியில போயி பெரியாத்துத் தண்ணி வர்றதப் பாத்துட்டு நின்னேன். எழுதல. நல்லா இருந்துச்சு.' 'செல்வியோட சினிமா. எழுதல.' 'மனசுக்குள்ள அந்த லாரி டிரைவர் நடமாடுறான். இன்னும் வாயத் தெறக்கல. தொந்தரவு பண்ணல.' இப்படிப் பக்கம் பக்கமாக.

நல்லா இருந்துச்சாம்! எங்களுக்கு எப்படி இருந்தது தெரியுமா அண்ணே?

அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் காலையில் தண்ணீர் கேட்டாள். ஆறு மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்தது, எனக்கு அரைப் பக்கம் பாக்கி. "செத்த இரும்மா, இந்தப் பக்கத்த முடிச்சிர்றேன்" என்று சொன்னேன். அம்மா மறுபடி கேட்கவில்லை, பேசாமல் காத்திருந்தாள். அந்த நேரத்தில் போன் சத்தம். நீங்கள்தான். 'ஈஸ்வரி, ஒன் பக்கம் இன்னும் வரலையே.'

அந்தத் தேதிக்கு உங்கள் நோட்டில் என்ன இருக்கிறது என்று தேடினேன். 'மழை. படுத்தே கெடந்தேன். எழுதல.'

அந்த வரியைப் பார்த்ததும் நோட்டை மூடி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை. அம்மா அதற்குப் பிறகு மூன்று மாதம்தான் இருந்தாள். காரியத்தன்றுகூட நான் ஒரு பக்கம் அனுப்பினேன். குழுவில் எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள், நீங்களும் போட்டீர்கள். அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துப் படித்தேன். உயிரே இல்லாத பக்கம். அன்றைக்கு அம்மாவை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? என்றைக்காவது அவளைப் பற்றி உருப்படியாக ஒரு கதையாவது வந்திருக்கும்.

இது என்னோடு போயிருந்தால் உங்களை மனசுக்குள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். ரேவதி விஷயம்தான் என்னை உட்காரவிடவில்லை.

தேவாரத்து ரேவதியை உங்களுக்குத் தெரியும். கேரள எல்லை தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போய்வருகிற பெண்களை வைத்து நாவல் எழுதுகிறவள். நம் எல்லோரையும்விட நன்றாக எழுதுவாள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவளும் போட்டியில் சேர்ந்தாள். நாற்பத்தொன்றாம் நாள் அவள் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்து தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மறுநாள் காலை பக்கம் வரவில்லை. பால்ராஜ் சார் விதி விதிதான் என்று போட்டுவிட்டார். 'தவமணி அண்ணனாக இருந்தால் ஆஸ்பத்திரியிலும் எழுதியிருப்பார்' என்று குழுவில் ஒரு ஆள் எழுதியது.

அந்த ஆள் நான்தான் அண்ணே.

ரேவதி யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு எழுத்து சரிப்படாது என்று ஒரு வரி போட்டுவிட்டுக் குழுவிலிருந்து போய்விட்டாள். நாவல் பாதியில் நிற்கிறது. குழந்தை தேறிவிட்டது, அவள் தேறவில்லை.

நோட்டுகளை எடுத்துக்கொண்டு பால்ராஜ் சார் கடைக்குப் போனேன். தேதிகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். அதிர்ச்சிதான் அவருக்கும். ஆனாலும் மனம் இறங்கவில்லை. நம் பக்கத்துத் திராட்சை வருஷத்துக்கு மூன்று தடவை காய்க்கிறது, மனுஷனுக்கு என்ன கேடு என்று பழைய பேச்சையே பேசினார். உங்கள் தோட்டத்துக் கொடியைக் காட்டி இனி யாராவது எனக்குப் பாடம் எடுத்தால் கெட்ட கோபம் வரும். கவாத்து வெட்டிய பிறகு அது மொட்டையாக நிற்குமே, அப்போது போய் யாராவது அதைக் கேள்வி கேட்கிறார்களா? அப்படியே கேட்டாலும் நான் கொடி இல்லை. எனக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, துக்கம் இருக்கிறது.

கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிராதம்மா. செத்தவன் பேரக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்கு?"

அந்த ஒரு சொல் என்னைக் கட்டிப்போட்டது. சொன்னால் உங்கள் பெயர் போகும். சொல்லாவிட்டால் ரேவதி போவாள். எதை விடுவது? உங்களையே கேட்கத் தோன்றியது. கேட்க முடியாததால் கூடலூருக்கு மதினியிடம் போனேன்.

நான் இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கிறவரை மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எனக்கு மொதல்ல இருந்தே தெரியும் ஈஸ்வரி. காலைல எந்திரிச்சு இங்கன ஒக்காந்துதான் பழைய நோட்டப் பொரட்டிப் படம் எடுப்பாக. இன்னைக்கு எழுதலைன்னு சொன்னா என்னன்னு கேட்டேன். எல்லாரும் என்னையப் பாத்து எழுதுறாக, இப்பச் சொன்னா அசிங்கம்னாக."

அப்படியென்றால் நான் வெளியே சொல்லலாமா என்று கேட்டேன். மதினி கத்தியைக் கீழே வைத்தார்.

"சொல்லு. செத்த பொறகும் அவுக தெனம் ஆறு மணிக்கு எந்திரிக்கணுமா?"

மதினியே ஆறாவது நோட்டை வாங்கி, பின்பக்கத்தில் நான் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு வரியைக் காட்டினார். 'ஈஸ்வரிகிட்டச் சொல்லிரணும்.' பத்து நாள் கழித்து, 'இன்னும் சொல்லல.' அதற்கும் பிறகு ஒரு தடவை, தேதி இல்லாமல், 'அவ என்னைய ரொம்ப நம்புறா.' அதைப் படித்துக் கோபம் தணிந்ததா கூடியதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஏன் அண்ணே சொல்லவில்லை? நான் என்ன, உங்களைத் தின்றுவிடுவேனா?

போன ஞாயிற்றுக்கிழமை தேவாரம் போனேன். ரேவதி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வா என்று மட்டும் சொன்னாள். குழுவில் அப்படி எழுதியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி அவள் கையில் கொடுத்தேன். உங்கள் எழுத்து அவளுக்குத் தெரியும். இரண்டு மூன்று பக்கம் படித்தாள். சினிமா போன வரியில் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் போனதும் நோட்டை மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இத்தன நாளா நான்தான் மட்டமான ஆளுன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்க்கா" என்றாள்.

அழுது முடித்தவளுக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல்தான். நீங்கள் இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் தடுத்திருக்க மாட்டேன். குழந்தை தூங்கிய பிறகு அவளே நாவலைப் பற்றிப் பேச்சை எடுத்தாள். ஜீப்பில் போகிற பெண்களில் ஒருத்தி அவள் மனசுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறாளாம். ஆனால் இப்போதைக்கு எழுத வராது என்றாள். சொல்லிவிட்டு, நான் என்ன சொல்வேனோ என்று என் முகத்தையே பார்த்தாள்.

'அப்படியென்றால் எப்போது' என்று வாய்வரை வந்துவிட்டது அண்ணே. மூன்று வருஷப் பழக்கம், லேசில் போகுமா? விழுங்கிவிட்டு, குழந்தைக்கு என்ன மருந்து கொடுக்கிறாய் என்று கேட்டேன். அவள் தோள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பஸ் வருகிறவரை பேசிக்கொண்டிருந்தோம், எழுத்தைப் பற்றி இல்லை.

போட்டியிலிருந்து நான் விலகிவிட்டேன். ஃபிளெக்ஸைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். பால்ராஜ் சார் என்னோடு பேசுவதில்லை. உங்கள் நாவலை அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த எழுதாத நாட்களையும் பின்னால் சேர்க்கப் போகிறேன், ஒரு வரிகூட விடாமல். உங்களை மாதிரி எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அதையும் படிக்கட்டும். உங்கள் பெயர் கெட்டுப்போகும் என்றால் கெட்டுப்போகட்டும். அந்தப் பெயர் உங்களையே காலையில் நிம்மதியாக உட்காரவிடவில்லையே.

தேவாரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஒன்று உறைத்தது. நீங்கள் பக்கம் அனுப்பியதும், அண்ணே, உங்களப் பாத்துத்தான் நாங்க எழுதுறோம் என்று தினமும் முதலில் பதில் போட்டது யார்? நான்தான். நீங்கள் உடம்புக்கு முடியாமல் கிடந்த நாட்களில்கூட இன்றைக்குப் பக்கம் எங்கே என்று கேட்டிருக்கிறேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அதனால் இந்த வாக்கை உங்களுக்குத்தான் தருகிறேன். ரேவதியிடம் இனி எவ்வளவு எழுதினாய் என்று கேட்க மாட்டேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். எழுதினால் அவளே சொல்லுவாள். உங்களையும் ஒரே ஒரு நாள் நான் அப்படிக் கேட்டிருந்தால், 'இன்னைக்கு ஒன்னும் எழுதல ஈஸ்வரி' என்று சொல்லியிருப்பீர்கள்.

பாசம் குறையாத, கோபமும் இன்னும் குறையாத
உங்கள் சித்தப்பா மகள்,
ஈஸ்வரி
போடி